ஸ்டீல் திருகு நாழி: ஒரு தீபாவளி முழுக்கப் பிழிந்துவிட்டு எழுதுகிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டில் இரண்டே பேர் என்றால் இந்த முறுக்கு நாழியை வாங்காதீர்கள். கடையில் கால் கிலோ முறுக்கு வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருங்கள். எங்கள் வீட்டிலும் வருஷத்தில் 360 நாள் நானும் என் மனைவியும் மட்டும்தான். எனக்கு எண்ணெய்ப் பலகாரம் ஆகாது என்று டாக்டர் சொல்லி நாலு வருஷமாகிறது. அவளுக்குக் கடைவாய்ப் பல் இரண்டு போய்விட்டது, முறுக்கைக் காப்பியில் ஊறவைத்துத்தான் சாப்பிடுவாள். அப்படி இருந்தும் 640 ரூபாய் கொடுத்து வாங்கினேன், மீதி 5 நாளுக்காக.

எங்களுக்கு மூன்று பிள்ளைகள். பெரியவள் சென்னை, பையன் பெங்களூரு, சின்னவள் ஹைதராபாத். ஒருத்தர் வந்தால் ஒருத்தர் வரமாட்டார்கள். ஒரு வருஷம் மாமியார் வீட்டுத் தீபாவளி, ஒரு வருஷம் லீவு இல்லை, ஒரு வருஷம் குழந்தைக்குக் காய்ச்சல். மூன்று பேரும் ஒரே தீபாவளிக்குக் கும்பகோணம் வந்து 6 வருஷம் ஆகிவிட்டது. 2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கள்கிழமை. முன்பெல்லாம் ரயிலில் 120 நாளுக்கு முன்னாலேயே டிக்கெட் போடலாம், 2024 நவம்பரிலிருந்து அதை 60 நாள் ஆக்கிவிட்டார்கள், அதனால் 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை வண்டிக்கு ஆகஸ்ட் 18 காலை 8 மணிக்குத்தான் திறந்தது. எட்டு ஐந்துக்குப் பையன் போன் பண்ணினான். "அப்பா, கன்ஃபர்ம் ஆயிடுச்சு." பத்தரை மணிக்கு நான் பெரிய கடைத் தெருவில் ஒரு பாத்திரக் கடையில் நாழிகளைக் கவிழ்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சார், தீபாவளிக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு" என்று கடைக்காரர் சிரித்தார்.

அந்த அவசரத்துக்குத் தண்டனையும் கிடைத்தது. செப்டம்பர் 22 முதல் பாத்திரங்களுக்கு ஜிஎஸ்டியை 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டார்கள். "ஒரு மாசம் பொறுத்திருந்தா 600 ரூபாய்க்கு முடிஞ்சிருக்கும் மாமா" என்று மாப்பிள்ளை பில்லைப் பார்த்துக் கணக்குப் போட்டுச் சொன்னார். அவர் ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறார், சொல்லத்தான் செய்வார். அந்த 40 ரூபாய் எனக்கு வருத்தமில்லை, இரண்டு மாதம் அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்ததற்குக் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நாழி விஷயத்தில் எனக்கு 39 வருஷ அனுபவம் உண்டு. எங்கள் வீட்டில் மாவு பிசைவதும் பொரித்து எடுப்பதும் அவள், பிழிவது நான், கல்யாணம் ஆன முதல் தீபாவளியிலிருந்து இதுதான் ஏற்பாடு. அதற்கு முன் என் அம்மா வைத்திருந்தது மர நாழி. இரண்டு கட்டை, ஒன்றுக்குள் ஒன்று போகும், அடியில் பித்தளைத் தட்டு. உடம்பு பாரத்தை எல்லாம் தோள் வழியாக இறக்கி அழுத்த வேண்டும். மாவு கொஞ்சம் கெட்டியாக இருந்தால் போச்சு, மறுநாள் கையைத் தூக்க முடியாது. 1986இல் என் மனைவியின் சீரோடு வந்தது பித்தளைத் திருகு நாழி. அது நாழி. தூக்கினாலே மணிக்கட்டு சொல்லும். வருஷத்துக்கு ஒரு தடவை புளி போட்டுத் தேய்த்தால் தங்கம் மாதிரி ஆகிவிடும். 37 வருஷம் உழைத்து 2023இல் மரை தேய்ந்துவிட்டது, திருகினால் சுற்றிக்கொண்டே இருக்கும், கீழே இறங்காது. லேத் பட்டறையில் காட்டினேன், புது மரை போட நாழி விலையைவிட அதிகமாகும் என்றார்கள். இப்போது பரணில் இருக்கிறது. எடைக்குப் போடலாமா என்று ஒரு தடவைதான் கேட்டேன், மறுபடி கேட்கவில்லை.

அப்புறம் 2024 தீபாவளிக்கு ஆன்லைனில் துப்பாக்கி மாதிரி ஒன்று வாங்கினேன். விசையை அழுத்தினால் மாவு வரும், படத்தில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே ஒரு கையால் பிழிந்துகொண்டிருந்தாள். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. நாலாவது ஈடு பிழியும்போது விசைக்குள் இருந்த பிளாஸ்டிக் பல் உடைந்து மாவோடு மாவாக எங்கே போனது என்றே தெரியவில்லை, அந்த ஈடு முழுவதையும் குப்பையில் கொட்டினோம். அந்த வருஷம் பெரியவள் மட்டும்தான் வந்திருந்தாள், அவளுக்கும் கடை மிக்சர்தான் கட்டிக் கொடுத்தோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. "மணப்பாறை முறுக்குக்குப் புவிசார் குறியீடே 2023ல வந்தாச்சுப்பா, இனிமே அதை வாங்கிக்கலாம், எதுக்கு ரெண்டு பேரும் கஷ்டப்படறீங்க" என்றாள். நியாயம்தான். ஆனால் அவள் ஊருக்குக் கிளம்பும்போது அவள் அம்மா வாசலில் வெறும் கையோடு நின்றதை நான் பார்த்தேன். மிக்சர் பொட்டலம் பைக்குள் இருந்தது, ஆனாலும் அது வெறும் கைதான்.

சரி, நாழிக்கு வருகிறேன்.

முழுக்க ஸ்டீல். குழல், மேல் மூடி, நடுவில் மரை போட்ட தண்டு, அதன் அடியில் மாவை அமுக்கும் வட்டு, மேலே குறுக்குக் கைப்பிடி. தட்டுகள் 9 கொடுத்தார்கள். நமக்கு வேண்டியது நாலுதான்: தேன்குழலுக்கு மூன்று கண் தட்டு, ஒற்றை நட்சத்திரத் தட்டு, ரிப்பனுக்குப் பட்டைக் கீறல் தட்டு, ஓமப்பொடிக்குப் பொடிக் கண் தட்டு. மீதி ஐந்தில் ஒன்றில் முக்கோணம், ஒன்றில் பூ, அவற்றை வைத்து என்ன செய்வது என்று கடைக்காரருக்கும் தெரியவில்லை.

வாங்கி வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, அட்டைப் பெட்டியில் அதை எழுதியிருக்க வேண்டும், எழுதவில்லை. மரை முழுக்க மெஷின் மசகு இருக்கும், பார்த்தால் தெரியாது, வெள்ளைத் துணியால் துடைத்தால் கறுப்பாக வரும். கொதிக்கிற தண்ணீரில் சோப்புப் போட்டு இரண்டு மூன்று தடவை கழுவி, முதலில் ஒரு பிடி வீண் மாவைப் போட்டுப் பிழிந்து எறிந்துவிட வேண்டும். நான் மூன்று பிடி எறிந்தேன். பேத்தி சாப்பிடப் போகிறாள் இல்லையா.

16ஆம் தேதி வியாழக்கிழமை அடுப்பைப் பற்றவைத்தோம். அன்றைக்கே வடகிழக்குப் பருவமழையும் தொடங்கிவிட்டது. மழைக்காலத்தில் முறுக்கு சுடுவது ஒரு வம்பு, எடுத்து ஆறவைப்பதற்குள் நமத்துப்போகும், ஒவ்வொரு ஈட்டையும் சூடு இறங்கிய உடனே சம்படத்தில் போட்டு இறுக்கி மூட வேண்டும். அளவு கேட்பவர்களுக்காக: பச்சரிசி மாவு நாலு பங்குக்கு வறுத்து அரைத்த உளுந்து மாவு ஒரு பங்கு, வெண்ணெய், சீரகம், பெருங்காயம், உப்பு. எண்ணெய் கடலெண்ணெய். தேன்குழலுக்கு மட்டும் இரண்டு கிலோ அரிசி மாவு என்றாள். "எட்டு பேருக்கு எதுக்கு இவ்வளவு?" என்றேன். "எட்டு பேர் இங்க சாப்பிட, மூணு வீட்டுக்குக் கொண்டுபோக, பையன் ஆபீசுக்கு, பெரியவ மாமியாருக்கு, சின்னவ ரூம்ல இருக்கிற பொண்ணுங்களுக்கு" என்று விரல் மடக்கினாள். விரல் தீர்ந்தபோது நான் நாழியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஒரு தடவை நிரப்பினால் சின்ன முறுக்கு ஐந்தாறு வரும். இரண்டரை நாளில் 30 தடவைக்குக் குறையாமல் நிரப்பியிருப்பேன். பிழிவதில் இந்த நாழிக்குத் தாராளமாக நல்ல பெயர் கொடுக்கலாம். திருகத் திருக இழை ஒரே கனத்தில், அறுந்துபோகாமல் இறங்குகிறது. ஜல்லிக்கரண்டியின் முதுகில் எண்ணெய் தடவி அதில் பிழிந்து அப்படியே வாணலியில் கவிழ்த்தால் வட்டம் கலையாமல் விழுகிறது. எனக்கு 66 வயது, வலது தோளில் இரண்டு வருஷமாக வலி, மர நாழியாக இருந்தால் முதல் நாளே படுத்திருப்பேன். இதில் தோளுக்கு வேலையே இல்லை, மணிக்கட்டுக்குத்தான் வேலை. அதுவும் மாவு பதமாக இருந்தால் பச்சைக் குழந்தை திருகலாம்.

திருகினாள். பையன் குடும்பம் சனிக்கிழமை விடியலில் மைசூர் வண்டியில் வந்து இறங்கியது, பேத்திக்கு 5 வயது, பல் தேய்த்ததும் நேராக அடுப்படிக்கு வந்துவிட்டாள். அவள் கையைக் கைப்பிடியில் வைத்து அதன் மேல் என் கையை வைத்து ஒரு ஈடு பிழிந்தோம், அடுப்புக்கு எட்டத்தில், வாழை இலை மேல். பாம்பு, மலை, ஜிலேபி என்று எல்லாம் வந்தது, முறுக்கு மட்டும் வரவில்லை. அதன் பிறகு நட்சத்திரத் தட்டு அவள் சொத்தாகிவிட்டது. களிமண்ணை அதில் அமுக்கி நட்சத்திரம் செய்வது, கண்ணில் வைத்துக்கொண்டு அதன் வழியாக என்னைப் பார்ப்பது. முள்ளு முறுக்குக்கு அந்தத் தட்டு வேண்டும் என்று கேட்டால் பேரம் பேசித்தான் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும் கழுவிக் கழுவி என் மனைவிக்குத்தான் கை ஓய்ந்துபோனது.

குறைகள். இல்லாமல் இல்லை. ஒன்று, அடி மூடி. மாவும் எண்ணெயும் பட்டுவிட்டால் இறுகிக்கொள்கிறது, ஈரக் கையால் திறக்கவே முடியாது. பழைய பருத்தித் துணியைச் சுற்றிப் பிடித்துத் திருப்ப வேண்டும். இரண்டு, மாவு கெட்டியானால் கீழே இறங்காமல் வட்டின் ஓரம் வழியாக மேலே ஏறுகிறது, வட்டுக்கும் குழலுக்கும் இடைவெளி கொஞ்சம் அதிகம், பித்தளை நாழியில் இந்தத் தொல்லை கிடையாது. மூன்று, ஓமப்பொடித் தட்டின் கண்களில் பிசிறு இருந்தது, உப்புத்தாளால் தேய்த்துச் சரிசெய்தேன். ஓமத்தை முழுசாகப் போட்டால் எந்தத் தட்டாக இருந்தாலும் கண் அடைத்துக்கொள்ளும், ஊறவைத்து அரைத்து வடிகட்டின தண்ணீரில்தான் மாவு பிசைய வேண்டும், அது தட்டின் குற்றமில்லை. நாலாவது பெரிய குறை, கைப்பிடி நுனியில் இருக்கும் பிளாஸ்டிக் குமிழ். இவ்வளவு ஸ்டீல் போட்டவர்கள் அதற்குக் கஞ்சத்தனம் பண்ணியிருக்க வேண்டாம். எண்ணெய்ச் சட்டிக்குப் பக்கத்தில் வைத்ததில் இளகி ஒரு பக்கம் சரிந்துவிட்டது.

ஓமப்பொடி பையனுக்காக. சின்ன வயதில் தயிர் சாதத்துக்கு அதைத் தவிர வேறு எதுவும் தொட்டுக்கொள்ளமாட்டான். பெரியவளுக்குத் தேன்குழல். சின்னவளுக்கு எதுவுமே வேண்டாம், பச்சை மாவுதான் வேண்டும். பாவாடை கட்டின நாளிலிருந்து நாழிக்கு அடியில் கையை நீட்டிப் பிழிய வருகிற மாவைப் பிடித்து வாயில் போட்டுக்கொள்வாள், அவள் அம்மா எத்தனை தடவை கையில் அடித்திருப்பாள். அவளுக்கு ரயில் கிடைக்கவில்லை, காத்திருப்புப் பட்டியலில் நூற்றுச் சொச்சம். சென்னை வந்து அங்கிருந்து பஸ் மாறி, தீபாவளி அன்று விடியற்காலை மூன்றே முக்கால் மணிக்குப் பஸ் ஸ்டாண்டில் இறங்கினாள். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் போய் நின்றேன். "ஆட்டோல வந்திருப்பேன்லப்பா" என்றாள். 30 வயது, ஒரு கம்பெனியில் 12 பேருக்கு மேலதிகாரி, ஆட்டோவில் வரத் தெரியாதா என்ன. பின்னால் உட்கார்ந்து என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டாள், வலிக்கிற தோள்தான். மெதுவாக ஓட்டினேன். வீட்டுக்கு வந்ததும் அடுப்படிக்குப் போய்ச் சம்படத்தை எல்லாம் திறந்து பார்த்துவிட்டு, "மாவு மிச்சம் இல்லையாம்மா?" என்று கேட்டாள். ஃபிரிட்ஜில் ஒரு எலுமிச்சை அளவு உருண்டை எடுத்து வைத்திருந்தாள் அவள் அம்மா. எனக்கே தெரியாது.

நாலரைக்கு எண்ணெய்க் குளியல். மணை போட்டு வரிசையாக உட்காரவைத்து, பெண்களுக்கு அவள் எண்ணெய் வைத்தாள், பையனுக்கு நான். காய்ச்சின நல்லெண்ணெயை உள்ளங்கையில் எடுத்து உச்சியில் வைத்துத் தேய்க்கிறேன், நடு மண்டையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு முடியே இல்லை, விரல் வழுக்கிக்கொண்டு போகிறது. காதோரம் நரை. தினமும் வீடியோவில் பார்க்கிற முகம்தான், உச்சந்தலையை யார் வீடியோவில் காட்டுகிறார்கள்? "என்னடா இது?" என்றேன். "உங்க சொத்துதாம்பா" என்றான். என் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். அந்த இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைத்து ரொம்ப நேரம் தேய்த்தேன், "போதும்பா, கண்ல வழியுது" என்கிறவரைக்கும்.

விமர்சனத்தில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். வாங்கின பொருள் எதற்கு உழைத்தது என்று சொல்லாமல் அது நல்லதா கெட்டதா என்று எப்படிச் சொல்வது?

ருசிக்கு ஒரே ஒரு சாட்சி. மாப்பிள்ளை எண்ணெய்ப் பலகாரத்தை விட்டு ஒரு வருஷமாகிறதாம், கையில் கட்டின கடிகாரம் நடந்த அடியை எண்ணுகிறது, தட்டில் வைத்ததை "வேண்டாம் அத்தை" என்று மரியாதையாக நகர்த்திவிட்டார். தீபாவளி அன்று ராத்திரி பதினோரு மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன். இருட்டில் அடுப்படியில் யாரோ கறுக்முறுக் என்று கடிக்கிற சத்தம். விளக்கைப் போடாமல் திரும்பி வந்துவிட்டேன். இழை மொறுமொறுப்பாக இருந்ததற்கு நாழியின் தட்டும் ஒரு காரணம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மூட்டை கட்டும் வைபவம். "எங்க வீட்ல யாரும் சாப்பிடறதில்லம்மா, நாலு போதும்" என்று ஆரம்பித்த பெரியவள்தான் கடைசியில் "பெரிய டப்பா இல்லையா?" என்று கேட்டாள். மூன்று வீட்டுக்கும் சரிசமமாகப் பங்கு, அதில் என் மனைவி கறாரானவள். ஆனால் மூன்று பேரையும் தனித்தனியாகக் கொல்லைப்பக்கம் கூப்பிட்டு, "உனக்கு மட்டும் ஒரு பொட்டலம் கூட வச்சிருக்கேன், மத்தவங்க கிட்ட சொல்லாதே" என்று சொல்லியிருக்கிறாள். ஊர் போய்ச் சேர்ந்த மறுநாள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சின்னவள் அந்தப் பொட்டலத்தைப் படம் எடுத்துப் போட்டாள், அரை நிமிஷத்தில் மற்ற இரண்டு படமும் வந்துவிட்டது. அதே செய்தித்தாள், அதே சணல், அதே முடிச்சு. அன்று முழுக்க அவள் போனையே எடுக்கவில்லை. நான் மட்டும் என்ன யோக்கியம்? பையன் பையில் அடியில் ஒரு டப்பா ஓமப்பொடி நானே செருகிவிட்டிருந்தேன், அது இவளுக்குத் தெரியாது, இதைப் படித்தால் தெரிந்துவிடும்.

ஆக, மதிப்பெண் ஐந்துக்கு நாலு. குமிழுக்கும் அடி மூடிக்கும் சேர்த்து ஒன்று குறைத்தேன். வாங்குகிறவர்கள் நேரில் போய், தண்டைக் கடைசி வரைக்கும் இறக்கி ஏற்றிப் பார்த்து, மரை எங்கேயும் சிக்காமல் போகிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஓட்டமாக இருக்கிறதென்று லேசான எடையில் வாங்காதீர்கள், கனம் இருப்பதுதான் உழைக்கும். வாரத்துக்கு ஒரு தடவை இடியாப்பம் பிழியவும் ஆகும், நாங்கள் அதற்கு எடுப்பதில்லை, இரண்டு பேருக்கு இரண்டு இடியாப்பம் பிழிய இதைக் கழுவிக் காயவைக்கிற வேலை கட்டாது.

புதன்கிழமை காலை மழை விட்டிருந்தது. நாழியைப் பிரித்துக் கழுவித் துடைத்து, மரையில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டு, தட்டுகளைத் துணியில் முடியலாம் என்று எண்ணினால் எட்டுதான் இருந்தது. நட்சத்திரத்தைக் காணோம். சாக்கடைக் குழி வரைக்கும் தேடினேன். சாயங்காலம் பையன் போன் பண்ணினான். "அப்பா, நாழித் தட்டு ஒண்ணு இவ ஸ்கூல் பையில இருக்கு. கொடுக்கமாட்டேங்கறா. தூங்கினதும் எடுத்து நாளைக்குக் கூரியர்ல அனுப்பிடறேன்."

"அதெல்லாம் வேண்டாம். பொங்கலுக்கு வரும்போது கொண்டு வா, எனக்கு அப்பத்தான் வேணும்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரிப்பா" என்றான். பொங்கலுக்கு எங்கள் வீட்டில் யாரும் முறுக்கு பிழிவதில்லை என்பது அவனுக்கும் தெரியும்.